மூன்று கண்டெய்னரில் முடிய வேண்டிய கழிவுநீர் நிலையம் நான்கில் முடிந்த கணக்கு

பதினோராவது வாரத்தில்தான் வெளியேறும் நீரில் அம்மோனியா நைட்ரஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கி, ஏழு நாள் தொடர்ந்து அங்கேயே நின்றது. அதற்கு முன்பு வாரக்கணக்கில் 18-க்கும் 35-க்கும் இடையில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மீடியா (நுண்ணுயிர் ஒட்டி வளரும் பிளாஸ்டிக் துண்டுகள்) சரியில்லை, ப்ளோயர் (தொட்டிக்குக் காற்று ஊதும் இயந்திரம்) போதவில்லை, நுண்ணுயிரை விதைக்கப் போட்ட சேறு செத்துவிட்டது என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டதிலேயே ஒரு மாதம் போயிற்று. குறை இருந்தது முதல் தொட்டியில். ஏறி இறங்கும் வரத்தைத் தேக்கி ஒரே சீராக முன்னே அனுப்ப வேண்டிய, யாரும் மூடியைத் திறந்துகூடப் பார்க்காத சமன் தொட்டியில்.

முதலில் போட்ட கணக்கு இது. வேலையாட்கள் தங்கும் முகாமில் 300 பேர். ஆளுக்கு ஒரு நாளைக்கு 200 லிட்டர் வீதம் 60 கன மீட்டர். பி.ஓ.டி. (கழிவைத் தின்று தீர்க்க நுண்ணுயிருக்குத் தேவைப்படும் ஆக்சிஜன்) ஆளுக்கு 60 கிராம் என்று வைத்து நாளுக்கு 18 கிலோ, அதாவது லிட்டருக்கு 300 மி.கி. நைட்ரஜன் ஆளுக்கு 12 கிராம், மொத்தம் 3.6 கிலோ, லிட்டருக்கு 60 மி.கி. சாலை முடிந்த பிறகும் பல மணி நேரம் லாரி போக வேண்டிய இடம் என்பதால் எல்லாமே இருபது அடி கண்டெய்னரில் தயாராக வந்தது. முதல் கண்டெய்னரில் கம்பிச் சல்லடையும் 10 கன மீட்டர் சமன் தொட்டியும் ப்ளோயர் அறையும். இரண்டாவதில் எம்.பி.பி.ஆர். தொட்டி, அதாவது மீடியா காற்றில் உருண்டு சுற்றும் தொட்டி, இரண்டு. மூன்றாவதில் தட்டு வைத்த படிவுத் தொட்டி, மணல் வடிகட்டி, குளோரின் தொட்டி, மின் பலகை.

இந்த அளவுகளில் தப்பு எதுவும் இல்லை. ஒரு நாளைக்கு எவ்வளவு என்று கேட்டவரை எல்லாம் சரி. எந்த நேரத்தில் எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை.

முதல் இரண்டு வாரம்

கண்டெய்னர்களை இறக்கி மட்டம் பார்ப்பதற்கு இரண்டு நாள் ஆனது. இந்த வேலையில் அவசரப்படக்கூடாது. படிவுத் தொட்டியின் வழிந்தோடும் விளிம்பு ஒரு முனையில் 6 மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தாலும் தண்ணீர் முழுவதும் அந்த முனையிலேயே ஓடும், மற்ற பாதித் தொட்டி சும்மா நிற்கும். ரசமட்டக் குழாயை வைத்து நான்கு மூலையும் பார்த்து, இரும்புத் தகடு செருகி 2 மி.மீ.க்குள் கொண்டுவந்தோம்.

இரண்டாவது கண்டெய்னரில் முதல் தொட்டி கார்பனுக்கு, அதாவது பி.ஓ.டி.யைத் தின்ன; இரண்டாவது நைட்ரஜனுக்கு, அதாவது அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்ற. மீடியா ஒரு கன மீட்டருக்கு 500 சதுர மீட்டர் பரப்பு தரும் வகை. முதல் தொட்டியில் 3.6 கன மீட்டர் மீடியா, அதாவது 1,800 சதுர மீட்டர். 18 கிலோ பி.ஓ.டி.யை அதில் வகுத்தால் சதுர மீட்டருக்கு 10 கிராம். இரண்டாவதில் 7.7 கன மீட்டர். நுண்ணுயிர் தன் உடம்புக்கு எடுத்துக்கொண்டது போக மீதமிருக்கும் 2.7 கிலோ நைட்ரஜனைச் சதுர மீட்டருக்கு 0.7 கிராம் வீதம் அது மாற்ற வேண்டும். இரண்டு தொட்டியிலும் மீடியா பாதியளவுதான். வகுத்ததற்குமேல் திணித்தால் உருளாது. மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டவே கூடாது.

புது மீடியா முதல் சில நாள் தண்ணீரோடு ஒட்டாமல் வெள்ளை வெளேரென்று மேலேயே மிதக்கும். ப்ளோயரை முழு வேகத்தில் விட்டாலும் அப்படித்தான். அதைப் பார்த்துக் காற்றுக் குழாயைப் பிரித்து மேய்ந்தது வீண் வேலை. ஐந்தாறு நாளில் வழுவழுப்பு ஏறியதும் தானாக உள்ளே சுற்ற ஆரம்பித்தது.

ஒன்பதாம் நாள் ப்ளோயரிலிருந்து கிளம்பும் பிவிசி குழாய் வெயிலில் வைத்த மெழுகுபோல வளைந்து தொங்கியது. இந்த வகை ப்ளோயர் 200 மில்லிபார் அழுத்தத்தில் ஓடும்போது காற்றின் வெப்பம் உள்ளே போனதைவிட 40 முதல் 60 டிகிரி கூடும். மூடிய கண்டெய்னருக்குள் 45 டிகிரி இருந்தால் குழாய்க்குள் 100 டிகிரியைத் தொடும். பிவிசி 60-க்கே தளர்ந்துவிடும். முதல் 3 மீட்டரை ஜி.ஐ. குழாயாக மாற்றினோம், அறைக்கு வெளியேற்றும் விசிறி போட்டோம், காற்று இழுக்கும் வாயைக் கதவுக்கு வெளியே கொண்டுபோனோம். கடைசி வேலையால் அறைச் சூடு காற்றோடு சேர்ந்து உள்ளே போவது நின்றது. பதிலுக்குத் தூசி வந்தது. வடிகட்டியை வாரம் ஒருமுறை தட்ட வேண்டியதாயிற்று.

சமையலறைக் கொழுப்பு

சமையலறைத் தண்ணீர் நாளுக்கு 10 முதல் 12 கன மீட்டர். கொழுப்பைப் பிரித்துப் பிடிக்கும் கிரீஸ் டிராப் 1 கன மீட்டர்தான் இருந்தது. உச்ச நேரத்தில் மணிக்கு 2 கன மீட்டர் வரும்போது அரை மணி நேரம் நிற்க அது போதும், காகிதத்தில். ஆனால் பாத்திரம் கழுவும் இயந்திரம் 65 டிகிரித் தண்ணீரைச் சோப்போடு சேர்த்துத் தள்ளுகிறது. அந்தச் சூட்டில் கொழுப்பு பிரியாது. பால்போல் கரைந்தபடியே டிராப்பைக் கடந்து, சமன் தொட்டியில் ஆறியதும்தான் கட்டியாகும். கட்டியானது நேராக ஃப்ளோட் சுவிட்சை (தண்ணீர் மட்டத்தோடு மிதந்து பம்பை ஓட்டி நிறுத்துவது) பிடித்துக்கொள்ளும். மூன்றாம் வாரம் ஒரு விடியற்காலை ஃப்ளோட் மேலேயே ஒட்டி நின்றுவிட்டது. தண்ணீர் இல்லாமல் பம்ப் ஓடி அதன் சீல் போனது.

மாற்றியது மூன்று. டிராப்பை 1.5 கன மீட்டர் வீதம் இரண்டாக வரிசையில் வைத்தோம். இயந்திரக் கழுவல் நீருக்கு மட்டும் முன்னால் ஒரு தனி ஆறல் தொட்டி. மேலே மிதக்கும் கொழுப்பும் அடியில் படியும் சோற்று மண்டியும் சேர்ந்து தண்ணீர் ஆழத்தில் கால் பங்கைத் தொட்டால் அன்றைக்கே அள்ள வேண்டும். நாள் கணக்குப் பார்க்க வேண்டாம், குச்சியை விட்டுப் பார்த்தால் போதும். ஃப்ளோட்டுக்குப் பதிலாக அடியில் தொங்கும் அழுத்த உணரி. மேலிருந்து ஒலி அனுப்பி அளக்கும் கருவியையும் முயன்றோம். அது நுரையைத் தண்ணீர் மட்டம் என்று எண்ணிக்கொண்டது.

ஐந்தாம் வாரம்: எங்கே தப்பு?

பி.ஓ.டி. இறங்கிவிட்டது. முதல் தொட்டி மீடியாவில் பழுப்புப் படலம் தடிமனாகவே இருந்தது. இரண்டாவதில் மட்டும் மெல்லிய, சாம்பல் நிறப் படலம். அம்மோனியா அசையவில்லை. நைட்ரஜன் மாற்றும் நுண்ணுயிர் மெதுவாகத்தான் வளரும், ஆறேழு வாரம் ஆகும் என்று பொறுத்திருந்தோம். ஆனால் காலையில் எடுத்த மாதிரிக்கும் மதியம் எடுத்ததற்கும் ஏணி வைத்தாலும் எட்டாத வித்தியாசம் இருந்தது. பிற்பகல் 3 மணிக்கு 18. அதே நாள் காலை 7 மணிக்கு 34. வளர்ச்சி மட்டும் மந்தம் என்றால் இரண்டும் ஒன்றுபோலத்தானே இருக்க வேண்டும்?

அதனால் மணிக்கு மணி வரத்தை அளந்தோம். ஓட்டமானி இல்லாமலே செய்யலாம். பம்ப் குழி 1.5 மீட்டருக்கு 1.5 மீட்டர், பரப்பு 2.25 சதுர மீட்டர். பம்பை நிறுத்திவிட்டுக் குழிச் சுவரில் அளவுகோலை ஒட்டி, மட்டம் 100 மி.மீ. ஏற எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான். 100 மி.மீ. என்றால் 225 லிட்டர். நள்ளிரவில் அதற்குப் பதினோரு நிமிடம் ஆனது, மணிக்கு 1.2 கன மீட்டர். காலை ஐந்தேகாலுக்கு ஒரு நிமிடம் நாற்பத்தொரு விநாடி. மணிக்கு 8.

முகாம் ஷிப்ட் சைரனுக்கு நடக்கிறது. காலை 4:30 முதல் 6:30 வரை எல்லாரும் ஒரே நேரத்தில் குளியல், கழிப்பறை, சமையலறை. மாலை 6 முதல் 8:30 வரை வேலையிலிருந்து திரும்பிக் குளியல், துணி துவைத்தல். இந்த நாலரை மணி நேரத்தில் 36 கன மீட்டர் வருகிறது, நாளின் அறுபது சதவீதம். மீதிப் பத்தொன்பதரை மணி நேரத்தில் 24 தான். சமன் தொட்டியிலிருந்து முன்னே போவது மணிக்கு 2.5. காலை உச்சத்தில் 11 கன மீட்டர் தேங்க வேண்டும், மாலையில் 13.75. மாலையில் தேங்கியது விடியுமுன் முழுதாக வடியாது, 3.6 மிச்சம் நிற்கும். அதன்மேல் காலை வரவு ஏறினால் 14.6.

தொட்டி 10 என்று பலகையில் எழுதியிருந்தது. பம்ப் மூழ்கி நிற்க அடியில் அரை மீட்டர் எப்போதும் இருந்தாக வேண்டும். அதைக் கழித்தால் பயன்படுவது 7 தான். மிச்சம் முழுவதும் மேல் வழிந்து, நேராக எம்.பி.பி.ஆர். தொட்டிக்குள் மணிக்கு 8 கன மீட்டர் வேகத்தில் கொட்டியிருக்கிறது. முதல் தொட்டி அந்த வேகத்தில் பி.ஓ.டி.யை முடிக்காமல் அடுத்ததற்குத் தள்ளியது. இரண்டாவதில் கார்பன் தின்னும் கூட்டம் வேகமாக வளர்ந்து படலத்தில் இடத்தையும் ஆக்சிஜனையும் பிடித்துக்கொண்டது. அம்மோனியாக்காரர்களுக்கு இடமே இல்லை. படிவுத் தொட்டிக்கும் அதே கதி. மணிக்கு 2.5-க்கு அதன் 5 சதுர மீட்டர் பரப்பில் மேலேறும் வேகம் 0.5 மீட்டர். 8 வந்தால் 1.6. தினமும் காலையில் மணல் வடிகட்டி அடைத்துக்கொண்டதற்கும் காரணம் இதுதான். மணலை மாற்றியது வீண்.

அதே உச்ச நேரத்தில் இன்னொன்றும் நடந்தது. முடியும் ஈரத்துடைப்பான் நாரும் மீடியாவைத் தடுத்து நிறுத்தும் 6 மி.மீ. துளைச் சல்லடையில் பாய்போலப் பின்னிக்கொண்டன. தொட்டி மட்டம் 150 மி.மீ. ஏறி, இரண்டு வாளி மீடியா விளிம்பைத் தாண்டி அடுத்த தொட்டிக்குப் போய்விட்டது. முன்னால் இருந்த கம்பிச் சல்லடை இடைவெளி 10 மி.மீ. அதை எடுத்துவிட்டு 3 மி.மீ. துளையுள்ள சுழல் சல்லடை வைத்தோம். மீடியாச் சல்லடைக்கு அடியில் துளையிட்ட காற்றுக் குழாய் ஒன்று. குமிழி உரசிக்கொண்டே மேலேறுவதால் நார் ஒட்டுவதில்லை.

நான்காவது கண்டெய்னர்

இருபது அடி அடித்தளம், உள்பரப்பு 13.3 சதுர மீட்டர், நீர் ஆழம் 2 மீட்டர். அடியில் 0.6 மீட்டர் கழித்தால் பயன்படுவது 18.6 கன மீட்டர். தேவை 15. இருக்கும் மிச்சம் துவைக்கும் நாளுக்குப் போய்விடும். ஏழாம் வாரம் இணைத்தோம். மூன்றே நாளில் படிவுத் தொட்டி தெளிந்தது.

பழைய 10 கன மீட்டர் தொட்டி சும்மா நிற்கவில்லை. வேலை நடக்கும் இடங்களில் வைத்த நடமாடும் கழிப்பறைகளை உறிஞ்சி வாரம் இருமுறை 4 கன மீட்டர் டேங்கர் வருகிறது. அந்தத் தண்ணீரின் பி.ஓ.டி. லிட்டருக்கு 4,000 மி.கி. அளவில். ஒரு டேங்கருக்கு 16 கிலோ. முகாமின் ஒரு நாள் சுமைக்கு இரண்டு கிலோதான் குறைவு. அதே ஆட்களின் கழிவுதான், வாரக் கணக்கில் புதிதாக எதுவும் கூடவில்லை. ஆனால் மூன்று நாளில் பரவி வர வேண்டியது இருபது நிமிடத்தில் வருகிறது. இப்போது டேங்கர் பழைய தொட்டியில் காலியாகிறது. அங்கிருந்து சிறு பம்ப் மூலம் இரவு 10 முதல் விடியற்காலை 4 வரை, முகாம் தூங்கும் நேரத்தில், மூன்று இரவாகக் கசியவிடுகிறோம். நடமாடும் கழிப்பறையில் ஊற்றும் நீல மருந்து நுண்ணுயிரைக் கொல்லும் வகையாக இருந்தால் இதுவும் காப்பாற்றாது. வாங்கும்போதே கொல்லாத வகையைக் கேட்க வேண்டும். விடுதி கழுவும் நாளில் ஊற்றும் பிளீச்சிங் கரைசலுக்கும் அதே பேச்சு. ஒரே நாளில் எல்லாக் கட்டடமும் கழுவாமல் நாளுக்கு ஒன்றாகப் பிரித்துக்கொடுத்தால் போதும்.

காரத்தன்மை

வேகம் சரியானதும் அம்மோனியா 30-லிருந்து 19-க்கு வந்து அங்கேயே நின்றது. பிஹெச் 6.3. இது வேறு நோய். முகாமுக்குக் குடிக்கவும் குளிக்கவும் ஆர்.ஓ. தண்ணீர். அதில் காரத்தன்மை, அதாவது அமிலத்தைத் தாங்கும் சக்தி, சொற்பம். கழிவுநீராக வரும்போது லிட்டருக்கு 200 மி.கி.தான், கால்சியம் கார்பனேட் கணக்கில். ஒரு மி.கி. அம்மோனியா நைட்ரஜன் மாற 7.14 மி.கி. காரம் செலவாகும். 45 மி.கி. மாற 321 வேண்டும். இருப்பதோ 200. கடைசியில் 80 மிச்சம் நிற்க வேண்டும் என்றால் பற்றாக்குறை 201. 60 கன மீட்டருக்கு 12 கிலோ, அதைச் சோடியம் பைகார்பனேட்டாக மாற்ற 1.68-ஆல் பெருக்கினால் நாளுக்கு 20 கிலோ. மாதத்துக்கு இருபத்தைந்து கிலோ மூட்டை இருபத்துநான்கு. அந்தச் சாலையில் இது நடக்கிற காரியம் இல்லை.

இரண்டாவது எம்.பி.பி.ஆர். தொட்டியிலிருந்து மணிக்கு 2.5 கன மீட்டரைப் புதுச் சமன் தொட்டிக்கே திருப்பினோம். முன்னே தள்ளுவதை 5 ஆக்கினோம். படிவுத் தொட்டிக்குப் போவது பழைய 2.5 தான், ஏனென்றால் திருப்புவது அதற்கு முன்பே. திரும்பி வரும் நைட்ரேட்டில் உள்ள ஆக்சிஜனைப் பச்சைக் கழிவுநீரின் நுண்ணுயிர் எடுத்துக்கொள்ள, நைட்ரஜன் வாயுவாகப் போகிறது, ஒரு மி.கி.க்கு 3.57 மி.கி. காரம் திரும்பக் கிடைக்கிறது. இந்த விகிதத்தில் சுமார் 22 மி.கி. போகும். 79 மி.கி. காரம் மிச்சம். பைகார்பனேட் 20 கிலோவிலிருந்து 12-க்கு இறங்கியது. சமன் தொட்டி நாற்றமும் கூடவே போயிற்று. அதை நாங்கள் எதிர்பார்க்கவில்லை.

முதல் வாரம் இது வேலை செய்யவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சமன் தொட்டியைக் கலக்கக் காற்றுக் குழாய் போட்டிருந்தோம். காற்றில் ஆக்சிஜன் தாராளமாகக் கிடைக்கும்போது நுண்ணுயிர் நைட்ரேட்டைத் தொடாது. காற்றை மூடிவிட்டு 0.55 கிலோவாட் மூழ்கு கலக்கி இறக்கியதும் நான்கு நாளில் எண்கள் இறங்கின. அடிமட்டம் 0.6 மீட்டர் என்று சொன்னது இந்தக் கலக்கிக்காகத்தான். அதற்குக் கீழே போனால் சுழல் உண்டாகிக் காற்றை உறிஞ்சும்.

பைகார்பனேட் கரைசல் 200 லிட்டர் பீப்பாயில் 12 கிலோ. சுடுதண்ணீரில் கரைத்தால் சீக்கிரம் கரையும் என்று யாராவது ஆரம்பிப்பார்கள். சூட்டில் அது சிதையும், வேண்டாம். துடுப்புக் கலக்கி பத்து நிமிடம் ஓடினால் கரைந்துவிடும். இரண்டாவது தொட்டியில் விழும்படி டோசிங் பம்ப். தினமும் சொட்டு எண்ணும் சோதனைப் பெட்டியால் காரத்தன்மை பார்க்கிறோம். 80-க்குக் கீழே போனால் பம்ப் வீச்சை ஒரு கோடு ஏற்றுவது, 120-க்கு மேலே போனால் ஒரு கோடு இறக்குவது. பிஹெச் மீட்டரை மட்டும் நம்பினால் அது விழும்போது நேரம் கடந்திருக்கும்.

குளோரின் கணக்கும் இதோடு ஒட்டியதுதான். அம்மோனியா 20 இருந்த நாட்களில் குளோரின் எவ்வளவு ஊற்றினாலும் தனிக் குளோரின் தென்படவில்லை. எல்லாம் அம்மோனியாவோடு சேர்ந்துவிடும். அதைத் தாண்ட எட்டு முதல் பத்து மடங்கு, அதாவது லிட்டருக்கு 160 முதல் 200 மி.கி. வேண்டும். பத்து சதவீதக் கரைசலில் நாளுக்கு நூறு லிட்டர். அம்மோனியா விழுந்த பிறகு 5 மி.கி.யே போதுமானது, நாளுக்கு மூன்று லிட்டர். கேனை மின் பலகை அறையில் வைத்திருந்தோம். அந்தச் சூட்டில் கரைசல் வலு இழந்துகொண்டே வந்தது. இப்போது வெளியே நிழலில் இருக்கிறது.

சேறு, மின்சாரம், மிச்சமிருக்கும் தொல்லை

நாளுக்கு உலர்ந்த கணக்கில் 10 கிலோ அளவு சேறு. படிவுத் தொட்டியிலிருந்து ஒரு சதவீதத்தில் வந்தால் அதுவே ஒரு கன மீட்டர். முதலில் நாளுக்கு இருமுறை வடித்தோம். இடையில் அடியில் கிடந்த சேறு நைட்ரஜன் குமிழி கட்டிக்கொண்டு மேலே அடைஅடையாக எழும்பியது. இரண்டு மணிக்கொரு தடவை 40 விநாடி என்று டைமர் வைத்ததும் நின்றது. பிறகு சேற்றுத் தொட்டியில் தெளியவிட்டு, 2.5 சதவீதத்துக்குக் கெட்டியாக்கி, பாலிமர் கலந்து துணிப் பையில் வடிக்கிறோம். பாலிமரை 0.1 சதவீதமாகக் கரைத்து அரை மணி ஊறவிட வேண்டும். ஊறாததை ஊற்றினால் மீன்கண் போன்ற கட்டிகள் பைத்துளையை அடைத்துவிடும்.

ப்ளோயர் 4 கிலோவாட், சராசரியாக 3.4 இழுக்கிறது. பம்புகளும் கலக்கியும் சேர்த்து நாளுக்கு சுமார் 105 யூனிட், கன மீட்டருக்கு 1.75. ஜெனரேட்டரில் 31, 32 லிட்டர் டீசல். வேகக் கட்டுப்பாட்டுக் கருவி இருப்பதால் இரவில் குறைக்கலாம், ஆனால் மீடியா உருள்வது நிற்கும் அளவுக்குக் கீழே போகக்கூடாது. கரைந்த ஆக்சிஜன் இரண்டாவது தொட்டியில் லிட்டருக்கு 4 மி.கி.க்குக் குறைந்தால் அம்மோனியா மறுநாளே காட்டிக்கொடுக்கும்.

அடுத்த முறை செய்வதானால் சமன் தொட்டியை ஒரு முழு கண்டெய்னராக முதலிலேயே கேட்போம், அதன் அளவை ஆள் கணக்கால் அல்ல, ஷிப்ட் அட்டவணையால் போடுவோம். பைகார்பனேட்டுக்குப் பதில் சோடா சாம்பல் (சோடியம் கார்பனேட்). அதே காரத்துக்கு எடை மூன்றில் இரண்டு பங்குக்கும் கொஞ்சம் குறைவு, 12 கிலோ சுமக்கும் இடத்தில் 7.6 போதும். பிஹெச் ஏற்றம் கூடுதல் என்பதால் டோசிங் பம்பைச் சின்னதாக எடுக்க வேண்டும். ப்ளோயர் ஒன்றுக்கு இரண்டு, வாரம் மாறி வாரம் ஓட.

தீராத தொல்லை ஒன்று இருக்கிறது. படிவுத் தொட்டியின் சாய்ந்த தட்டுகளில் பத்து நாளில் வழுவழுப்பு ஏறிவிடுகிறது. கழுவ மட்டத்தை இறக்கி மேலிருந்து பீய்ச்ச வேண்டும். கண்டெய்னர் கூரையில் ஆள் நுழையும் 600 மி.மீ. ஓட்டை ஒன்றே ஒன்று, அதிலிருந்து தூரத்து மூலைத் தட்டுகளுக்குக் குழாய் எட்டாது. உள்ளே இறங்குவது பேச்சுக்கே இடமில்லை. நச்சுவாயு அளக்கும் கருவியும் காற்றோட்டமும் வெளியே ஒரு ஆளும் இல்லாமல் அந்தத் தொட்டிக்குள் தலையைக்கூட விடக்கூடாது. இப்போதைக்கு நாலு மீட்டர் குழாயின் முனையை வளைத்து, கொக்கிபோலச் செய்து கழுவுகிறோம். கடைசி மூன்று தட்டு இன்னும் கறுப்பாகத்தான் இருக்கிறது. கூரையை நீளவாக்கில் வெட்டி, மடக்கு மூடி போட வரைபடம் போயிருக்கிறது.